மூன்றாவது துடிப்புக்குப் பின்னால் ஒரு மேடு

அத்தியாயம் 6

காலை ஒன்பதரை மணிக்கே மொந்தேவிதேயோ இருட்டிக்கொண்டு வந்து, வானம் பொத்துக்கொண்டதைப் போல மழை ஊற்றியது.

அறிவியல் கல்லூரியின் கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டில் அன்செல்மோ இதுர்ரியா நின்று ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டார். நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வருடத் துப்பறியும் தொழில். இன்ஷூரன்ஸுக்காகத் தன் காரைத் தானே கொளுத்தினவன், கால் ஒடிந்ததாகச் சொல்லிவிட்டுக் கால்பந்து ஆடினவன் என்று எத்தனையோ புளுகர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவர். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு அந்தப் பாழாய்ப்போன படிக்கட்டில் கால் வைக்க உடம்பு கூசியது. நாலு நாளாக ஏதேதோ சாக்குச் சொல்லி இந்தக் கட்டிடத்துக்குள் வராமல் தள்ளிப்போட்டிருந்தார். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

மூச்சை விட்டார். இறங்கினார். கடைசிப் படியில் தலையைக் குனிந்து, இடது பக்கம் திரும்பி நடந்தார்.

பின்னால் 'ணங்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ, என் மண்டை!" உதவியாளர் ஷிர்லி நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே, கூரையை ஒட்டிப் போகாமல் வழியை மறித்துக்கொண்டு ஒரு இரும்புக் குழாய். "எந்த மகராசன் பாஸ் இதை இங்க மாட்டினான்? படிச்சவங்க இருக்கிற இடம்தானே இது?"

"குனிஞ்சு வரணும்."

"இப்ப சொல்லுங்க. வீங்கினப்புறம் சொல்லுங்க."

ஷிர்லி பன்னிரண்டு வருடம் நகரப் பேருந்தில் டிக்கெட் கொடுத்தவள். வண்டிகளில் கண்டக்டர் இல்லாமல் போனதும் அன்செல்மோவிடம் வந்து சேர்ந்தாள். வாய் மட்டும் இன்னும் பேருந்தை விட்டு இறங்கவில்லை.

உள்ளே ஆய்வுக்கூடத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தாள் லூஹான் பெர்தோமோ. இருபத்தோரு வயது. வடக்கே, அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், பெல்லா உனியோனில் கரும்பு வெட்டுகிறவரின் மகள். சனி ஞாயிறுகளில் அன்செல்மோவின் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் ரொட்டிக் கடையில் வேலை பார்ப்பவள். நாலு நாள் முன்னால் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி ஏறி வந்து, "சார், என்னைப் பொய்க்காரின்னு சொல்றாங்க" என்று அழுதவள்.

அவளுக்கு இன்று பன்னிரண்டு மணிக்கு விசாரணை. தோற்றால் இரண்டு வருடம் கல்லூரிப் பக்கம் வரக்கூடாது. உதவித்தொகை போகும். விடுதி அறை போகும்.

"ஊருக்குப் போய் என்னன்னு சொல்வேன் சார்? அப்பாகிட்ட இன்னும் சொல்லவே இல்ல" என்றாள். இரண்டு கண்ணும் வீங்கியிருந்தன.

"அழாதே. அன்னிக்கு நடந்ததை இன்னொரு தடவை சொல்லு. இந்த அம்மாவுக்குப் புரியிற மாதிரி."

"எனக்குப் புரியாத மாதிரி நீங்க என்ன பேசிட்டீங்க?" என்றாள் ஷிர்லி.

லூஹான் மேஜையைக் காட்டினாள். உருப்பெருக்கி, ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணி, கம்ப்யூட்டர். "நத்தையோட மூளையை எடுத்து இந்தக் கிண்ணியில உப்புக் கரைசல்ல போடுவோம். நத்தை மூளையில செல் ஒவ்வொண்ணும் பெருசு பெருசா இருக்கும். முடியைவிட மெல்லிசா ஒரு கண்ணாடி ஊசி, அதை ஒரு செல்லுக்குள்ள குத்தினா, உள்ளே இருக்கிற மின்சாரம் கம்ப்யூட்டர்ல கோடாத் தெரியும்."

"நத்தைக்குள்ள மின்சாரமா?"

"உங்களுக்குள்ளயும் இருக்கு, ஷிர்லி அக்கா. செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் ஜாஸ்தி, வெளியே சோடியம் ஜாஸ்தி. செல்லோட சுவர்ல அயனி போக வர சின்னச் சின்னக் கதவு. சோடியம் கதவு திறந்துச்சுன்னா வெளியே நிக்கிற சோடியம் அத்தனையும் திபுதிபுன்னு உள்ளே ஏறும். கோடு சடார்னு எகிறி இறங்கும். அதுதான் துடிப்பு."

"பஸ் கதவு திறந்த மாதிரி."

"அதேதான். ஆனா வெளியே பொட்டாசியம் கூடிப்போச்சுன்னா கதவு ஜாம் ஆயிடும். நீங்க தலைகீழா நின்னாலும் துடிக்காது."

போன செவ்வாய்க்கிழமை ஆறு மேஜைகள். ஐந்தில் இரண்டிரண்டு பேர்; ஆறாவதில் லூஹான் தனியாக. ஆறு மேஜைக்கும் ஒரே பெரிய பாட்டிலில் இருந்து கரைசல். அவளுடைய செல்கள் ஒன்றுகூடத் துடிக்கவில்லை. பன்னிரண்டு நத்தைகள், பன்னிரண்டும் மௌனம். மற்ற ஐந்து மேஜைக்காரர்களும் அழகழகான துடிப்புகளை அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவள் வகுப்பின் நடுவில் எழுந்து நின்று, "ஒரே கரைசல். என்னுது செத்துக் கிடக்குது, உங்களுது எப்படித் துடிக்கும்? அஞ்சு மேஜையும் பொய்" என்று கத்திவிட்டாள். கத்தின வாய்க்குத்தான் இப்போது தண்டனை. தன் வேலை சரியாக வராத எரிச்சலில் சக மாணவர்களைப் பழித்தாள் என்று குற்றச்சாட்டு.

கரைசல் பாட்டிலை மறுநாளே யாரோ பளபளவென்று கழுவி வைத்துவிட்டார்கள். அன்செல்மோவும் ஷிர்லியும் நாலு நாளாக உப்பின் பின்னாலேயே ஓடினார்கள். ரசாயனக் கடை, கல்லூரிக்குச் சரக்கு அனுப்பும் ஸ்டோர், லாரிக்காரன் வரை விசாரித்தாயிற்று. உப்பு சுத்தம்.

"இந்த நீல ஃபைலையும் ஒரு தடவை பார்த்துடலாமா பாஸ்?" ஷிர்லி பையைத் தட்டினாள். "அந்த அஞ்சு மேஜைக்காரங்க கொடுத்த கோடு எல்லாம் இதுலதான் இருக்கு. இன்னும் நாம திறக்கவே இல்ல."

"அது அப்புறம். முதல்ல உப்பு." அன்செல்மோ கூரையை ஒட்டியிருந்த சின்ன ஜன்னலைப் பார்த்தார். தெருவில் போகிறவர்களின் நனைந்த செருப்புகள் தெரிந்தன. "லூஹான், உன் குறிப்பு நோட்டைக் கொடு."

விசாரணைக்குத் தவிர நோட்டு ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. அதற்காகத்தான் இந்தப் படிக்கட்டு. லூஹான் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அன்செல்மோ பக்கத்தைப் புரட்டிச் சத்தமாகப் படித்தார்.

"'காலை 9.10. மழை. 9.40. தோன் வாஷிங்டன் தோர்த்தா பொரித்துக் கொண்டுவந்தார். இன்று நன்றாக இருந்தது. மூன்று சாப்பிட்டேன். 10.05. முதல் செல். ஊசி உள்ளே போனதும் மைனஸ் 18 மில்லிவோல்ட். துடிப்பு இல்லை.'"

"விஞ்ஞானக் குறிப்புல தின்பண்டமா!" ஷிர்லி சிரித்தாள். "எத்தனை தடவை கை கழுவினேன்னும் எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன்" என்றாள் லூஹான். விளையாட்டாகச் சொல்லவில்லை. "நடந்ததை எல்லாம் எழுதணும்னு பேராசிரியை சொல்லியிருக்காங்க. தப்பா எழுதினா ரப்பர் போடக்கூடாது. ஒத்தைக் கோடு போட்டு அடிச்சுட்டுப் பக்கத்துல சரியானதை எழுதணும். அடிச்சதும் படிக்கத் தெரியணும்."

அன்செல்மோவின் விரல் ஒரு வரியில் நின்றது.

"'இன்று நன்றாக இருந்தது.' அப்போ மத்த நாள்ல?"

லூஹான் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மத்த நாள்ல சப்புன்னு இருக்கும் சார். லேசா ஒரு கசப்பு வேற. அவர் மனசு நோகக் கூடாதேன்னு சாப்பிடுவோம்."

சொல்லி வாய் மூடவில்லை, எண்ணெய் வாசனை வந்தது. மழை பெய்தால் மாவைத் தட்டித் தோர்த்தா பொரிக்காத வீடு அந்த ஊரில் உண்டா? ஆய்வுக்கூடத்துக்கும் அதே சட்டம்தான். பின்னறையிலிருந்து தட்டோடு வந்தார் தோன் வாஷிங்டன். ஆய்வுக்கூடத்தின் கரைசல்களையெல்லாம் கலக்கிக் கொடுக்கும் வெள்ளைக்கோட்டுக்காரர். அறுபத்தைந்து வயதிருக்கும், கையெல்லாம் மாவு.

"எடுத்துக்குங்க, சூடா இருக்கு" என்றார். அன்செல்மோவை ஒரு விநாடி உற்றுப் பார்த்தார். "உங்களை எங்கேயோ..."

"இருக்காது" என்றார் அன்செல்மோ அவசரமாக.

ஷிர்லி ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"எப்படி இருக்கு?" என்றார் கிழவர்.

"சூடா இருக்கு" என்றாள் ஷிர்லி. பிறகு அன்செல்மோவின் காதருகே வந்து, "பாஸ், இதைத் தின்னா நத்தை என்ன, நானே துடிக்க மாட்டேன். சப்பு. கடைசியில ஒரு கசப்பு."

அன்செல்மோ தட்டைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். போன செவ்வாய் மட்டும் நன்றாக இருந்தது. இன்று மறுபடியும் சப்பு.

"தோன் வாஷிங்டன், மாவுல போடுற உப்பை எங்க வச்சிருக்கீங்க?"

கிழவர் முகத்தில் ஈயாடவில்லை.

பின்னறை அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு வெள்ளை ஜாடிகள். இரண்டிலும் 'சோடியம் குளோரைடு' என்று லேபிள். இந்த ஊர் ஆய்வுக்கூடங்களில் காலி ஜாடியை யாரும் தூக்கி எறிவதில்லை. கழுவி வைத்துக்கொண்டு சர்க்கரை போடுவார்கள், டீக்குப் பதிலாகக் குடிக்கும் மாத்தே இலை போடுவார்கள், உப்புப் போடுவார்கள். ஒரு ஜாடியின் கழுத்தில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"இந்த நூல் எப்போ கட்டினது?"

"அது... ரொம்ப நாளா இருக்கு."

அன்செல்மோ ஜாடியின் மேல் விரலால் தடவினார். "ஜாடி முழுக்க வருஷக்கணக்கா மாவு ஒட்டிக் காய்ஞ்சு போயிருக்கு. நூல்ல ஒரு பொட்டு மாவு இல்ல. போன வாரம் கட்டினீங்க."

ஷிர்லி இரண்டு ஜாடியிலும் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். "நூல் இல்லாதது உப்பு. நூல் கட்டினது... சே, என்ன கண்றாவி இது?"

தோன் வாஷிங்டன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரத்தக் கொதிப்பு எனக்கு. டாக்டர் கொடுத்த உப்பு அது. பாதிக்குப் பாதி பொட்டாசியம். மாவுல அதைத்தான் போடுவேன்." தரையைப் பார்த்தே பேசினார். "அன்னிக்கு மழையில கரண்ட் வேற போயிட்டுப் போயிட்டு வந்தது. ஒரு கையில கரைசல் வேலை, ஒரு கையில மாவு. எல்லாரும் தோர்த்தா பிரமாதம்னாங்க. முப்பத்தோரு வருஷத்துல முதல் தடவையா யாரோ பாராட்டினாங்க. வீட்டுக்குப் போற பஸ்ல சந்தோஷமா உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் யோசிச்சேன், ஏன் நல்லா இருந்துச்சுன்னு."

"மறுநாள் வந்து பாட்டிலைக் கழுவிட்டீங்க."

"நாலு மாசத்துல ஓய்வு. உப்பு மாத்திப் போட்டவன்னு பேர் வாங்கிட்டுப் போகணுமான்னு இருந்துச்சு. வெட்கம், வேற என்ன?" கிழவர் கதவருகில் நின்ற லூஹானைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. "உன் பேர்ல புகார் வந்தப்ப சொல்லியிருக்கணும் பொண்ணே. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம்னு வந்தேன்."

"நீங்க தினமும் எனக்குக் குட் மார்னிங் சொன்னீங்களே, தோன் வாஷிங்டன்" என்றாள் லூஹான். அவ்வளவுதான் சொன்னாள்.

கிழவரை நாலு வார்த்தை கேட்க அன்செல்மோ வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். எந்த வாயால் கேட்பது?

* * *

பதினொன்றே முக்கால். மாடியில் பேராசிரியையின் அறைக்குப் போகும் வழியில், லூஹானையும் கிழவரையும் முன்னால் அனுப்பிவிட்டு, ஷிர்லி படிக்கட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்திரு, நேரமாச்சு. கேஸ் முடிஞ்சுபோச்சு" என்றார் அன்செல்மோ. குரலில் இல்லாத உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னார்.

"முடியல பாஸ். இந்தக் கடிதத்தைப் படிச்சேன்." நீல ஃபைல் அவள் மடியில் திறந்து கிடந்தது. "அந்த அஞ்சு மேஜைக்காரங்க விசாரணைக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. 'நாங்கள் பெரிய பாட்டிலைத் தொடவில்லை, முந்தின வாரம் மீந்த கரைசலைப் பயன்படுத்தினோம்.' எவ்வளவு கெட்டிக்காரப் பசங்க! இப்ப உப்புக் கதை என்ன ஆச்சு? பொண்ணோட நத்தை ஏன் துடிக்கலைங்கிறதுக்குத்தான் பதில். அவங்க பொய் சொன்னாங்கங்கிறதுக்கு இல்ல. அவ இன்னும் பழி சொன்னவதான்."

அன்செல்மோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அதனால கோடு எல்லாத்தையும் பார்த்தேன். ஒண்ணு நீளமா இழுத்திருக்கு, ஒண்ணு குட்டையா அமுக்கியிருக்கு, ஒண்ணு பாதியில வெட்டியிருக்கு. பார்த்தா அஞ்சும் வேற வேற. ஆனா எல்லாத்துலயும் மூணாவது துடிப்பு முடிஞ்சதும் ஒரு சின்ன மேடு. எறும்புப் புத்து மாதிரி. இதைப் பாருங்களேன்."

அவர் பார்க்கவில்லை. படிக்கட்டு ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

ஷிர்லி ஃபைலை மூடினாள். அவள் குரலில் கிண்டல் இல்லை.

"பன்னிரண்டு வருஷம் பஸ்ல டிக்கெட் கொடுத்தவ நான். டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். அவன் மட்டும் ஜன்னல் வழியா வெளியே பார்த்துட்டே இருப்பான். நாலு நாளா நீங்க ஜன்னலையே பார்க்கிறீங்க. ஊர்ல இருக்கிற உப்பு எல்லாத்தையும் நக்கிப் பார்த்தோம், கையிலேயே இருந்த ஃபைலை மட்டும் தொட விடல. இன்னிக்குத்தான் முதல் தடவையா இந்தக் கட்டிடத்துக்கு வர்றோம். அந்தக் குழாய்க்கு எனக்கு மண்டை வீங்கிச்சு, உங்களுக்குத் தலை தானா குனிஞ்சுது. நீங்க இங்க படிச்சவர்தானே பாஸ்?"

அன்செல்மோ மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூணு வருஷம்" என்றார்.

"அந்த மேடு?"

அவர் சொன்னார். ஐந்து நிமிடம் ஆயிற்று. இருபத்திரண்டு வருடமாக மனைவியிடம்கூடச் சொல்லாததை, ஈரப் படிக்கட்டில், முன்னாள் கண்டக்டரிடம் சொன்னார்.

ஷிர்லி நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு எழுந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மேலே போனதும் யாராவது சொல்லித்தான் ஆகணும், அது மட்டும் தெரியுது."

* * *

விசாரணை பேராசிரியை நீடியா உர்த்தாவின் அறையிலேயே நடந்தது. அறுபது வயது, வெட்டிவிட்ட நரைமுடி, ஒடிசலான உடம்பு. சுவர் நிறைய அவருடைய பழைய நோட்டுகள் வருடவாரியாக அடுக்கியிருந்தன. கதவில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை: 'ஆய்வுக்கூடத்தில் மாத்தே குடிக்கக் கூடாது.' எந்நேரமும் ஃப்ளாஸ்க்கும் சுரைக்குடுக்கையும் உறிஞ்சுகுழலுமாகவே திரியும் ஊரில் அப்படி ஒரு பலகை வைக்கத் தனித் தைரியம் வேண்டும். குழுவில் அவரோடு இன்னும் இரண்டு பேர். அவர்கள் கேட்டுக்கொள்ள வந்தவர்கள்.

தோன் வாஷிங்டன் தொப்பியைக் கையில் கசக்கியபடி உப்புக் கதையைச் சொன்னார். அவர் முடித்ததும் பேராசிரியை கண்ணை மூடித் திறந்தார்.

"சரி. லூஹானோட செல் துடிக்காததுக்கு அவ காரணம் இல்ல. அதுல எனக்குச் சந்தோஷம். ஆனா மத்தவங்களைப் பொய்யர்னு சொன்னாளே? அவங்க முந்தின வாரக் கரைசலை எடுத்தோம்கிறாங்க."

"அந்த மேடு?" என்றாள் ஷிர்லி. ஐந்து தாளையும் மேஜையில் பரப்பினாள். "மூணாவது துடிப்புக்கு அப்புறம். அஞ்சுலயும்."

பேராசிரியை குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுவா? அது நம்ம மெஷினோட குணம். வருஷா வருஷம் எல்லார் தாள்லயும் வரும். ஒரு இருபது வருஷமாப் பார்த்துட்டு வர்றேன்."

"மெஷினை இருபது வருஷமா மாத்தவே இல்லையா, டாக்டர்?"

"மூணு தடவை மாத்தி..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். இன்னொரு தடவை தாளைப் பார்த்தார். "ஒருவேளை மேஜையோட அதிர்வா இருக்கலாம். பக்கத்துல லிஃப்ட் இருக்கு."

"என்னோட தாள் எதுலயும் அது வந்ததே இல்ல, டாக்டர்" என்றாள் லூஹான். "போன மாசம் என் செல் நல்லாத் துடிச்சப்பகூட வரல."

"நீ என்ன சொல்ல வர்றே? திரும்பவும் அவங்க பொய்யர்ங்கிறியா? அத்தாட்சி வேணும், பொண்ணே. இல்லேன்னா நான் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்." பேராசிரியை பேனாவை எடுத்தார். கல்நெஞ்சுக்காரர் அல்ல, விதிக்காரர்.

லூஹான் திரும்பி அன்செல்மோவைப் பார்த்தாள். நம்பிக்கையோடுதான் பார்த்தாள், அதுதான் கொடுமை. அன்செல்மோவுக்குக் காது மடல் எரிந்தது. கீழே முக்காலியில் உட்கார்ந்திருந்த கிழவர் நினைவுக்கு வந்தார். அவர் ஒரு வாரம் மறைத்தார். நான்?

எழுந்து நின்றார்.

"அது மெஷின் இல்ல, டாக்டர். லிஃப்டும் இல்ல. மாத்தே குடுக்கை."

"என்ன?"

"இருபத்திரண்டு வருஷம் முன்னால, ஆகஸ்ட் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்னிக்கும் மழை. எங்க வகுப்புக்கு நீங்களே ஒரு செல்லைக் குத்திக் காட்டினீங்க. மூணாவது துடிப்பு வந்த சந்தோஷத்துல கையில இருந்த மாத்தே குடுக்கையை மேஜையில டொக்குன்னு வச்சீங்க. ஊசி ஆடிச்சு. கோட்டுல மேடு விழுந்தது. மாத்தே உங்க நோட்டு மேல கொட்டிச்சு. நீங்க ஒரு கெட்ட வார்த்தை சொன்னீங்க. நாங்க எல்லாரும் சிரிச்சோம்."

பேராசிரியை பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய், சுவரிலிருந்து ஒரு நோட்டை உருவினார். புரட்டினார். ஒரு பக்கத்தில் வெளிறிய பச்சைக் கறை. கறைக்கு நடுவே ஒட்டிய அச்சுத் தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றுக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு.

"நீ யாரு?" என்றார்.

"இதுர்ரியா. ரெண்டாவது மேஜை." அன்செல்மோ ஒரு எட்டு முன்னால் வந்தார். "அடுத்த வாரம் எங்களுக்குத் தேர்வு. என் செல் ஒண்ணுகூடத் துடிக்கல. எல்லாரும் முடிச்சுட்டுப் போயாச்சு. கம்ப்யூட்டர்ல உங்க பதிவு அப்படியே இருந்தது. என் பேரைப் போட்டு அச்சடிச்சுக் கொடுத்தேன். வகுப்புல முதல் மார்க் கொடுத்தீங்க. என் தோளைத் தட்டி, 'உனக்குக் கை ராசி'ன்னீங்க. அதுக்கப்புறம் என்னால உங்க முகத்தைப் பார்க்க முடியல. அடுத்த வருஷம் படிப்பை விட்டுட்டேன். போறதுக்கு முன்னால ஒரு சிநேகிதன் கெஞ்சினான். அவனுக்கு அதை டிஸ்க்ல போட்டுக் கொடுத்தேன். அவன் யாருக்குக் கொடுத்தானோ, அவங்க யாருக்குக் கொடுத்தாங்களோ... இந்தப் பசங்க இதை அழகா வெட்டி ஒட்டிக் கத்துக்கிட்டாங்க. ஆரம்பிச்சவன் நான்தான்."

பேராசிரியை ஒவ்வொரு தாளாக எடுத்து நோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஐந்தாவதும் பொருந்தியது. கண்ணாடியைக் கழற்றினார்.

"வருஷா வருஷம் இதைப் பார்த்து, எவ்வளவு சுத்தமா எடுத்திருக்காங்கன்னு பெருமைப்பட்டேன். நல்ல மார்க் போட்டேன்." தாள்களை ஒன்றாக அடுக்கினார். "இருபத்திரண்டு வருஷமா என் பதிவுக்கு நானே மார்க் போட்டுட்டு இருந்திருக்கேன். சொந்தக் கையைக்கூடத் தெரியல எனக்கு. உண்மையை எழுதினது ஒருத்தி, அவளை வெளியே அனுப்ப இருந்தேன்."

புகார்த் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "லூஹான், நீ போகலாம். இல்ல, இரு. நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்கணும். இங்க இல்ல. நீ கத்தினது வகுப்புல; நானும் வகுப்புலயே கேட்கிறேன். அந்த அஞ்சு மேஜைக்காரங்களும் இருக்கட்டும்."

லூஹான் தலையை ஆட்டினாள். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். முகத்தில் அது வரவில்லை. அன்செல்மோவின் முன்னால் வந்து நின்றாள்.

"இந்த மேட்டை எப்போ பார்த்தீங்க சார்?"

"இன்னிக்குத்தான்னு சொல்லிடுங்க பாஸ்" என்று ஷிர்லி முணுமுணுத்தாள். அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை போலிருக்கிறது, அடுத்த நிமிடமே, "வேண்டாம், சொல்லாதீங்க" என்றாள்.

"முதல் நாளே" என்றார் அன்செல்மோ. "நீ மாடிக்கு வந்து அந்த ஃபைலை நீட்டினப்பவே. மேல் தாளைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. உப்பை வச்சே உன்னைக் காப்பாத்திடலாம், என் கதை வெளியே வராதுன்னு நினைச்சேன்."

"நாலு ராத்திரி நான் தூங்கல."

"தெரியும்."

"அப்பா நேத்து போன் பண்ணி ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டாரு. ஜலதோஷம்னு பொய் சொன்னேன். எங்க அப்பாகிட்ட நான் சொன்ன முதல் பொய் அது சார்."

அன்செல்மோவுக்குத் தரை பிளந்தால் தேவலாம் என்று இருந்தது. மன்னித்துக்கொள் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அந்தச் சமயத்தில் அதைச் சொன்னால் அதுவும் ஒரு தப்பித்தலாகத்தான் இருக்கும் என்று விழுங்கிக்கொண்டார்.

பேராசிரியையின் குரல் பின்னாலிருந்து வந்தது. "இதுர்ரியா, உன் தேர்வு இன்னும் பாக்கி இருக்கு."

"டாக்டர்?"

"அன்னிக்கு நீ எதுவும் கொடுக்கல. என்னுதைத்தான் கொடுத்தே. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. துடிச்சா துடிக்குதுன்னு எழுது, துடிக்கலேன்னா துடிக்கலேன்னு எழுது."

ஷிர்லி வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டுக்கொள்ள வந்த இருவரும் மெல்ல எழுந்து வெளியே போனார்கள்.

லூஹான் மட்டும் போகவில்லை. மேஜையில் அத்தாட்சியாகக் கிடந்த தன் நோட்டைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தாள். பேனா எடுத்து, குனிந்து, எழுதினாள். அன்செல்மோ எதிர்ப்பக்கம் நின்றிருந்தார்; எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. படிக்க முடிந்தது.

'பகல் 12.25. மழை விட்டது. தோன் வாஷிங்டன் உண்மையைச் சொன்னார். இதுர்ரியா சார் உண்மையைச் சொன்னார். நாலு நாள் தாமதம்.'

"அது தப்பு" என்றார் அன்செல்மோ.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். 

"தப்பாதான் எழுதியிருக்கே, லூஹான்."

அவளுக்குப் புரிந்தது. 'நாலு நாள்' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள், அடித்ததும் படிக்கத் தெரிகிற மாதிரி. பக்கத்தில் 'இருபத்திரண்டு வருடம்' என்று எழுதிவிட்டு, நோட்டை மூடாமல், மை காயட்டும் என்று அப்படியே வைத்துவிட்டு, அப்பாவுக்குப் போன் செய்ய வெளியே போனாள்.